நாடா திரும்பும் இடம்

நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் ரயில் மாற வேண்டும். வடக்கிலிருந்து வரும் மின்சார ரயில் அந்த ஊரோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே மேலே கம்பி கிடையாது, டீசல்தான். மாறி ஏறுவதற்குள் நடைமேடையில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டி வரும். கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்றில் உப்பு இருக்கும். 1999 முதல் 2007 வரை எத்தனை சனிக்கிழமைகள் அங்கே நின்றிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எடிசனில் ஏறி, ராவேயில் ஒருமுறை மாறி, லாங் பிராஞ்சில் இன்னொரு முறை மாறி, பெல்மாரில் இறங்குவேன். காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் ரயிலில்தான் போவேன். அந்த நடைமேடைக்காகவே போவேன்.

ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1949-இல் பிறந்தது அந்த ஊர் மருத்துவமனையில்தான். 1974-இல் 'பார்ன் டு ரன்' பாட்டை எழுதியதும் அதே ஊரில், வெஸ்ட் எண்ட் கோர்ட்டில் வாடகைக்கு இருந்த ஒரு சின்ன வீட்டில். ஊரைவிட்டு ஓடிப்போகும் பாட்டு அது. அதைப் பிறந்த ஊரிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். அவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு என்றும் சொல்லலாம்.

பெல்மாரில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை இருந்தது. தட்டுகளை நிற்கவைத்து விரலால் தள்ளிப் பார்க்கும் மரப்பெட்டிகள், ஒரு டர்ன்டேபிள், நாலு மடக்கு நாற்காலி, எப்போதும் ஆறிப்போயிருக்கும் காபி. சனிக்கிழமை மதியம் அங்கே ஒரு கூட்டம் சேரும். கூட்டம் என்றால் ஆறு பேர், மிஞ்சினால் எட்டு. தபால்காரர் ஃப்ரீஹோல்டில் பிறந்தவர். அவர் அப்பா அந்த ஊர்க் கம்பள ஆலையில் வேலை பார்த்தவர். ஸ்பிரிங்ஸ்டீனின் அப்பாவும் கொஞ்ச காலம் அங்கே இருந்தவர்தான். அப்புறம் ஒரு நர்ஸம்மா, இரவுப் பணி முடிந்து தூங்காமல் நேரே வந்துவிடுவார். கடைக்காரர். ஒரு கல்லூரிப் பையன். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். நடுவில், ஒய்டூகே கணினி வேலைக்கென்று வந்து அப்படியே தங்கிவிட்ட திருச்சிக்காரன் நான்.

நாங்கள் பேசியது பெரும்பாலும் ஸ்பிரிங்ஸ்டீனின் இரண்டே ஆல்பங்களைப் பற்றி. 1973 ஜனவரியில் வந்த 'கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க்', அதே ஆண்டு நவம்பரில் வந்த 'தி வைல்டு, தி இன்னோசென்ட் அண்ட் தி ஈ ஸ்ட்ரீட் ஷஃபிள்'. உலகமே கொண்டாடும் 1975, 1984 ஆல்பங்களைப் பற்றி அங்கே அதிகம் பேச மாட்டார்கள். அவை எல்லாருக்கும் சொந்தம். முதல் இரண்டும் அந்தக் கடற்கரைக்கு மட்டுமே சொந்தம் என்பது அவர்கள் எண்ணம். எட்டு ஆண்டுகளில் அது என் எண்ணமாகவும் ஆகிவிட்டது.

முதல் ஆல்பத்தை நான் கேட்டது அந்தக் கடையில்தான். ஊசி இறங்கியதும் சொற்கள் கொட்டின. ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு நினைவுக்கு வந்தது அருணகிரிநாதர். சின்ன வயசில் வயலூர்க் கோயிலில் திருப்புகழ் பாடக் கேட்டபோதும் இப்படித்தான் இருந்தது. சந்தம் முன்னே ஓடும், பொருள் பின்னாலேயே மூச்சு வாங்க வரும். இதைச் சொன்னதும் தபால்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த ஆல்பம் பிறந்த கதையைச் சொன்னார். ஜான் ஹாமண்ட் 1972-இல் ஸ்பிரிங்ஸ்டீனைக் கொலம்பியா நிறுவனத்துக்குள் கொண்டுவந்தார். பாப் டிலனைக் கண்டெடுத்தவரும் அவர்தான். அதனால் கித்தாரும் கையுமாகத் தனியே நிற்கும் இன்னொரு பாட்டுக்காரரைத்தான் நிறுவனம் எதிர்பார்த்தது. இவரோ கடற்கரை விடுதிகளில் தன்னோடு வாசித்த பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நியூயார்க்கின் பிளாவெல்ட் என்ற ஊரில், வாடகை குறைந்த ஒரு ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. முடித்துக் கொடுத்ததும் நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ் திருப்பி அனுப்பிவிட்டார். வானொலியில் போடும்படி ஒரு பாட்டுகூட இல்லை என்றார். ஸ்பிரிங்ஸ்டீன் வீட்டுக்குப் போய், இயைபுச் சொற்களின் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'பிளைண்டட் பை தி லைட்' எழுதினார். 'ஸ்பிரிட் இன் தி நைட்' என்ற இன்னொன்றும் எழுதினார். கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் அந்த ஆல்பத்தில் கேட்பது இந்த இரண்டு பாட்டிலும் மட்டும்தான்.

உறையை எடுத்துக் கையில் கொடுத்தார். ஆஸ்பரி பார்க்கின் பழைய வாழ்த்து அட்டை, ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு கடற்கரைக் காட்சி. பின்பக்கம் அட்டையின் முதுகு. தபால்தலை ஒட்டும் இடத்தில் பாடகரின் முகம். நிறுவனம் அவரை நியூயார்க் பாடகராக விற்க விரும்பியது. அவர் கடற்கரை மரநடைபாதையான போர்டுவாக்கில் ஒரு கடையில் கிடைத்த அட்டையைக் கொண்டுபோய் வைத்து, நான் நியூ ஜெர்சிக்காரன் என்றார். முப்பது வருஷம் தபால் சுமந்தவருக்கு அந்த உறை எப்படி இருந்திருக்கும்! அதை நீட்டும்போது இரண்டு கையாலும் நீட்டுவார்.

முதல் வருஷம் விற்றது ஏறக்குறைய 25,000. 'பிளைண்டட் பை தி லைட்' தனித்தட்டாக வந்தும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நாலு வருஷம் கழித்து, 1977 பிப்ரவரியில், அதே பாட்டு அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. பாடியது வேறு ஆட்கள், மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பேண்டு. ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய பாட்டு ஒன்று பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடத்துக்குப் போனது அந்த ஒரே தடவைதான். தன் குரலில் அவர் இரண்டாம் இடம் வரை வந்தார், அதற்கு மேல் ஏறவில்லை.

சண்டை எப்போதும் இங்கேதான் தொடங்கும்.

நர்ஸம்மா இந்தக் கவர் பாட்டின் கட்சி. 1977-இல் அவர் பள்ளிக்கூட மாணவி, பத்து மைல் தள்ளி ஒரு ஊரில். சமையலறை வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கப்பல் வருவதுபோல் அந்த ஆர்கன் தன்னை நோக்கி வந்தது என்பார். அதை எழுதியவர் பக்கத்து ஊர்க்காரர் என்று அவருக்கு வருஷக்கணக்காகத் தெரியாது. ஜோஹன்னஸ்பர்கில் பிறந்த ஒருவர் இங்கிலாந்தில் அமைத்த குழு, தன் ஊர்க் கதையைத் தனக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அதை எப்படி விட்டுக்கொடுப்பது என்று கேட்பார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது.

தபால்காரர் விடமாட்டார். அந்தப் பதிப்பு வழவழப்பானது, பாதிச் சொற்கள் வெட்டுப்பட்டவை என்பார். ஒரு சொல் விவகாரமும் உண்டு. மூலத்தில் 'டியூஸ்' என்று வரும். 1932 ஃபோர்டு வண்டிக்கு அந்தக் காலத்துப் பையன்கள் வைத்த செல்லப்பெயர். மான்ஃப்ரெட் மான் குழுவின் பாடகர் கிறிஸ் தாம்சன் பாடும்போது அது மருந்துக்கடையில் விற்கும் வேறொரு பொருளின் பெயராகக் காதில் விழும். ஒரு தலைமுறை அமெரிக்கா முழுக்க அப்படியே பாடித் திரிந்தது. நர்ஸம்மாவும் பாடியிருக்கிறார். 2005 ஏப்ரலில், அதே ரயில் தடத்திலுள்ள ரெட் பேங்க் ஊரில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் பாட்டை வரி வரியாக விளக்கினார். அடுத்த சனிக்கிழமை தபால்காரர் கடைக்குள் நுழைந்த தோரணையை இன்னும் மறக்கமுடியவில்லை. வழக்கில் ஜெயித்தவர் முகம்.

நான் தபால்காரர் கட்சி. ஆனால் என் காரணம் வேறு. முதல் ஆல்பத்தின் ஒலி மெலிந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். டிரம் அட்டைப்பெட்டிபோலக் கேட்கும். பாடகர் ஒரு மூச்சில் அடங்காததை அடக்கப் பார்க்கிறார், சில இடங்களில் அடங்கவில்லை. இருபத்து மூன்று வயசுப் பையன், இனி ஒரு வாய்ப்புக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணிக்கிறான். மூடி சரியாக மூடவில்லை. நானும் அப்படி ஒரு பெட்டியோடு விமானம் ஏறியவன். மான்ஃப்ரெட் மான் அந்தப் பெட்டியை அழகாக அடுக்கி மூடிவிட்டார். மூடாத பெட்டிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கவர் பாட்டுகள் என்று பேச்சு வந்தால் இருட்டும்வரை போகும். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி 1973 தொடக்கத்திலேயே நியூயார்க்கின் மாக்ஸஸ் கேன்சஸ் சிட்டியில் ஸ்பிரிங்ஸ்டீனைப் பார்த்தவர். முதல் ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார். 1974 நவம்பரில் அவர் ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்டில் இருந்தபோது, ஸ்பிரிங்ஸ்டீனை வரச்சொல்லி ஒரு வானொலி அறிவிப்பாளர் மூலம் சொல்லியனுப்பினார்கள். இவர் ஆஸ்பரி பார்க்கிலிருந்து பஸ் பிடித்துப் போனார். நள்ளிரவு தாண்டி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தான் பாடிய பதிவை மட்டும் போவி அவருக்குப் போட்டுக் காட்டவில்லை, கூச்சம். அந்தப் பதிவு வெளியே வந்தது 1989-இல். இந்தக் கதையைச் சொல்லும்போது எங்கள் கடைக்காரர் எந்த இடத்திலும் போவியைப் பற்றிப் பேச மாட்டார். பஸ்ஸைப் பற்றித்தான் பேசுவார். கையில் காசில்லாத ஒரு பையன், மடியில் கையை வைத்துக்கொண்டு, தன் பாட்டை இன்னொருவர் எப்படிப் பாடியிருப்பார் என்று நினைத்தபடி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகிறான். அந்த பஸ்ஸில் தானும் இருந்ததுபோலச் சொல்வார்.

பேட்டி ஸ்மித் 1978-இல் பாடிய 'பிகாஸ் தி நைட்' தனி ரகம். அதை முழுதாகக் கவர் என்று சொல்லமுடியாது. ஸ்பிரிங்ஸ்டீனிடம் மெட்டும் பல்லவியும் இருந்தன, சரணம் கூடவில்லை. இருவருக்கும் பொதுவான பொறியாளர் ஜிம்மி அயோவின் அந்தக் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காதலரின் தொலைபேசி வருவதற்காகக் காத்திருந்த ஓர் இரவில் பேட்டி ஸ்மித் சரணங்களை எழுதினார். அவரும் நியூ ஜெர்சியில் வளர்ந்தவர் என்பதால் அந்தப் பாட்டை மட்டும் இரு கட்சியும் ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் எல்லார் மனசும் இளகும் பாட்டு வேறு. இரண்டாவது ஆல்பத்தில் வரும் 'ஃபோர்த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க்', சுருக்கமாக 'சாண்டி'. கோடை விழா இரவில், போர்டுவாக்கில், ஒரு பெண்ணிடம் பேசுவதுபோல் இருந்தாலும் அது ஊரிடம் விடைபெறுகிற பாட்டு. அதில் டேனி ஃபெடரிசியின் அக்கார்டியன் வரும். பின்னணியில் குழந்தைகள் கூட்டுக்குரல்போல ஒன்று கேட்கும். உண்மையில் குழந்தைகள் பாட வரவேண்டியது, வரவில்லை. பொறியாளர் லூயிஸ் லஹாவின் மனைவி சுகி லஹாவ் தன் ஒரு குரலையே மேல்மேலாகப் பதிந்து அந்தக் கூட்டத்தை உண்டாக்கினார். வராத குழந்தைகளின் இடத்தில் ஒரு பெண் பலராக நிற்கிறாள். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1975-இல் இங்கிலாந்தின் ஹாலீஸ் குழு 'சாண்டி'யைப் பாடியது. நன்றாகத்தான் பாடினார்கள், குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து போகும். கடைக்காரர் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவார். கேட்டு முடித்ததும் தபால்காரர் ஒருமுறை சொன்னார்: "இவங்க அட்டையைப் பாத்துப் பாடறாங்க. அவன் ஊரைப் பாத்துப் பாடறான்." நர்ஸம்மா உடனே, "அட்டை வந்த வீட்டுக்காரங்க அழுதா அது அழுகை இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை.

பேசி ஓய்ந்தால் நடப்போம். 'ஈ ஸ்ட்ரீட்' என்று உலகம் முழுதும் தெரிந்த தெரு பெல்மாரில்தான் இருக்கிறது. பியானோ வாசித்த டேவிட் சான்சியஸின் அம்மா வீடு அந்தத் தெருவில் இருந்தது. பையன்கள் அங்கே கூடிப் பழகியதால் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவுக்கு அந்தப் பெயர். மரமும் புல்தரையும் உள்ள சாதாரணத் தெரு. அதன் முனையில் நின்றுகொண்டு தபால்காரர் சான்சியஸைப் பற்றியே பேசுவார். இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'நியூயார்க் சிட்டி செரனேடு', கிட்டத்தட்ட பத்து நிமிஷம். அதன் தொடக்கப் பியானோவை வாசித்தபோது அவருக்கு இருபதுகூட ஆகியிருக்கவில்லை. 1974 ஆகஸ்டில், 'பார்ன் டு ரன்' என்ற அந்த ஒரு பாட்டை மட்டும் பதிந்துவிட்டு, டிரம் வாசித்த எர்னஸ்ட் கார்ட்டரோடு அவர் விலகிப்போனார். பின்னால் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள், குழு உலகப்புகழ் அடைந்தது. ஆனால் ஜாஸும் தெருப்பாட்டும் கலந்த அந்த நெகிழ்ந்த நடை அப்புறம் வரவேயில்லை. "அவன் இருந்திருந்தா" என்று தொடங்குவார். அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

'ஸ்பிரிட் இன் தி நைட்' பாட்டில் கிரீஸி லேக் என்று ஓர் ஏரி வருகிறது, ரூட் 88 என்று ஒரு சாலையும் வருகிறது. சாலை உண்மை. லேக்வுட்டிலிருந்து கடற்கரை நோக்கிப் போகிறது. ஏரி கற்பனை. இது தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் போனேன். தண்ணீர் தெரிந்த இடத்திலெல்லாம் நிறுத்தினேன். ஒவ்வொன்றும் அதுவாக இருந்தால் போதும் என்று தோன்றியது.

ஆஸ்பரி பார்க்கில் அந்த வருஷங்களில் போர்டுவாக் வெறிச்சென்று கிடக்கும். 1970 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊர் மெல்ல மெல்லக் காலியாகிப்போனது. காசினோ கட்டடத்தின் ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. கட்டாமல் விட்ட அடுக்குமாடியின் எலும்புக்கூடு கடலைப் பார்த்து நின்றது. 2000 டிசம்பரில் கன்வென்ஷன் ஹாலில் ஸ்பிரிங்ஸ்டீன் 'மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்' என்ற புதுப்பாட்டை முதன்முதலாகப் பாடினார். இந்த ஊருக்காக எழுதியது. அடுத்த வருஷம் செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின் அதையே நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பாடினார். ஊரின் ஒப்பாரி தேசத்தின் ஒப்பாரியாகிவிட்டது. எங்களில் சிலருக்கு அதில் பெருமை. தபால்காரருக்கு மட்டும் எதையோ கைமாற்றிக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

2004-இல் பேலஸ் கேளிக்கைக்கூடத்தை இடித்தபோது போய்ப் பார்த்தோம். பச்சைச் சுவரில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் டில்லி முகத்தை மட்டும் ஆர்வலர்கள் முன்கூட்டியே சுவரோடு அறுத்தெடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். மீதி விழுந்தது. நர்ஸம்மா ஒரு செங்கல் துண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

இனி கேசட். திருச்சியில் நான் படிக்கும் காலத்தில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போனால், காலி கேசட்டில் நமக்கென்றே பதிந்து வைத்திருப்பார்கள், உறையில் பேனாவால் எழுதிய பாட்டு வரிசையோடு. அதேபோன்ற கையெழுத்தோடு, அட்லாண்டிக் கரையில், தபால்காரர் எனக்கு இரண்டு கேசட் கொடுத்தார். 1975 பிப்ரவரி 5, பென்சில்வேனியாவின் பிரின் மார் ஊரில் மெயின் பாயின்ட் என்ற சின்னக் காபி அரங்கில் நடந்த கச்சேரி. கடனில் தத்தளித்த அந்த அரங்குக்கு நிதி திரட்ட நடந்தது. டபிள்யூஎம்எம்ஆர் வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அன்றுதான் 'தண்டர் ரோடு' முதன்முதலாக மேடை ஏறியது, வேறு பெயரில், வேறு சொற்களோடு. ரசிகர்கள் இந்தமாதிரிப் பதிவுகளைத் தபாலில்தான் பரிமாறிக்கொள்வார்கள். காசு வாங்கக்கூடாது என்பது சட்டம். காலி நாடாவும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து திரும்பி வரும். பகலெல்லாம் அந்தப் பொட்டலங்களை வீடுவீடாகச் சேர்த்தவர், இரவில் தானும் அவற்றைப் பிரித்தார்.

அன்றைய கச்சேரியில் அவர் பிறர் பாட்டும் பாடுகிறார். பிறர் பாட்டைத் தனதாக்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். கேரி யுஎஸ் பாண்ட்ஸின் 'குவார்ட்டர் டு த்ரீ' இல்லாமல் அந்தக் காலத்துக் கச்சேரிகள் முடிவது அபூர்வம். கலிஃபோர்னியாக்காரர் டாம் வெய்ட்ஸ் எழுதிய 'ஜெர்சி கேர்ள்' பாட்டை 1981-இல் மெடோலேண்ட்ஸ் அரங்கில் பாடினார். இன்று அது அவருடையதே என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஆனால் மெயின் பாயின்டில் பாடியது டிலனின் 'ஐ வான்ட் யூ'. டிலன் துள்ளிக்கொண்டு பாடியதை இவர் ஊர்ந்து போகும் வேகத்தில் பாடுகிறார். பக்கத்தில் சுகி லஹாவ், இந்த முறை குரல் இல்லை, வயலின். ஆசை தெரிவிக்கும் பாட்டு அங்கே இழப்பைச் சொல்லும் பாட்டாக மாறுகிறது. கவர் பாட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அந்தப் பாட்டின் நடுவில்தான் என் கேசட்டில் ஒரு பக்கம் முடியும். 1975-இல் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்த யாரோ ஒருவர் நாடாவைத் திருப்பிப் போட எடுத்துக்கொண்ட விநாடிகள் அதில் இல்லை. வயலின் ஏறிக்கொண்டே போகும், 'டக்' என்று நிற்கும். மறுபக்கம் போட்டால் பாட்டு வேறெங்கோ இருக்கும். கடையில் இதைப் போடும்போதெல்லாம், நாடா திரும்பும் இடம் வந்ததும், தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு அந்த விட்டுப்போன பகுதியை முனகுவார். கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் முடித்துவிடுவார். மறுபக்கம் தொடங்கும் சுரத்தில் கச்சிதமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். யாரும் பேச மாட்டோம். அன்றிரவு அவரும் அந்த ஒலிபரப்பை வானொலியில் கேட்டவர். மனசில் இருப்பதைத்தான் முனகுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2007 கோடையில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஊர் திரும்பினேன். கடைசிச் சனிக்கிழமை, தபால்காரர் பெல்மார் ஸ்டேஷன்வரை கூட வந்தார். அவருக்குக் கட்டிப்பிடிக்கும் வழக்கமெல்லாம் இல்லை. ஆஸ்பரி பார்க் வாழ்த்து அட்டைகள் ஒரு கட்டு கொடுத்தார். எல்லாவற்றிலும் தபால்தலை ஒட்டியிருந்தது. அமெரிக்கத் தபால்தலை, திருச்சியில் செல்லாது. அது அவருக்குத் தெரியாததா? நான் திரும்பி வருவேன் என்று வைத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறார்.

அடுத்த வருஷம் ஏப்ரல் 17-இல் டேனி ஃபெடரிசி இறந்துபோனார். அதற்கு நாலு வாரம் முன்னால், மார்ச் 20 அன்று இண்டியானாபோலிஸில், நோயோடு கடைசியாக மேடை ஏறினார். என்ன வாசிக்க ஆசை என்று கேட்டதற்கு 'சாண்டி' என்றாராம், அக்கார்டியனோடு. ஜூன் மாதம், அந்தப் பாட்டில் பெயர் வரும் குறிசொல்லி மேடம் மேரியும் போய்விட்டார். போர்டுவாக்கில் அவர் உட்கார்ந்திருந்த சின்னக் கூண்டுக் கடையைத் தாண்டித்தான் நாங்கள் எப்போதும் நடப்போம். 2011 ஜூனில் கிளாரன்ஸ் கிளெமன்ஸ். ஒவ்வொரு முறையும் தபால்காரரிடமிருந்து ஓர் அட்டை வரும். செய்தி எழுதமாட்டார். ஒரு பாட்டின் பெயரும் நிமிஷக் கணக்கும் இருக்கும், அந்த இடத்தைக் கேள் என்று பொருள். கிளாரன்ஸுக்கு அவர் எழுதியது 'ஸ்பிரிட் இன் தி நைட்', தொடக்கம்.

கடை 2012-க்குப் பிறகு இல்லை என்று நர்ஸம்மா எழுதினார். 1980-இல் சியாட்டிலில் சார்லஸ் ஆர். கிராஸ் தொடங்கிய 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் இதழ் அந்தக் கடையில் கட்டுக்கட்டாக இருக்கும், மூலை மடிந்து, காபிக் கறையோடு. அதுவும் 2023-இல் நின்றுவிட்டது. தேவைக்கேற்ப விலையேறும் முறையில் கச்சேரி டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போன கசப்பில், நாற்பத்து மூன்று ஆண்டு நடத்தியதை முடித்துக்கொண்டார்கள். அந்த அறிவிப்பைத் திருச்சியில் காலையில் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடிக்கப்படும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது.

மெயின் பாயின்ட் கச்சேரியின் முழுப்பதிவு எனக்குப் பிறகு கிடைத்தது. நாடா திரும்பாத பதிவு, ஒலியும் துல்லியம். 'ஐ வான்ட் யூ' வந்தது. வயலின் ஏறியது. என் கேசட்டில் 'டக்' என்று நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனது. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காணாமல்போயிருந்த விநாடிகள்.

தபால்காரர் முனகியது அது இல்லை. சுகி லஹாவின் வயலின் அந்த இடத்தில் கீழே இறங்குகிறது. அவர் முனகலில் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் சரிந்து வந்து சேரும். அத்தனை வருஷமும் அவர் அதைத் தானாகவே கட்டியிருக்கிறார்.

மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தேன். வாசித்தது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதும் அந்த இடம் நெருங்கும்போது என் கை போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அவர் மெட்டை நான் முனகி முடித்த பிறகுதான் கூட்டுகிறேன்.